வேலி சுவிட்சில், படலை ரவுட்டரில்

வாசகர் கேள்வி - பதில்: கணினி வலையமைப்பு

இம்முறை வீலான் பற்றிய கேள்விகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வீலான் என்பது, வலையமைப்பு வயர்களை இணைக்கும் ஒரே சுவிட்சைப் பல தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் முறை. மெனுவில் உள்ள பெயர்கள் சுவிட்சுக்குச் சுவிட்ச் கொஞ்சம் மாறும். உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான்.

கேள்வி: ஏழு அறை உள்ள விருந்தினர் விடுதி நடத்துகிறோம். அலுவலகக் கணினி இரண்டு, கமரா எட்டு, அவற்றுக்கு ஒரு என்விஆர் (கமராப் படங்களைப் பதியும் பெட்டி), வந்து தங்குவோருக்கு வைஃபை. எல்லாம் ஒரே வலையமைப்பில் கிடக்கிறது. தங்கியிருந்த ஒருவர் போனில் ஏதோ ஆப் போட்டுப் பார்க்க, எங்கள் என்விஆர் அதில் தெரிந்தது. வீலான் போடலாம் என்று 8 போர்ட் சுவிட்ச் வாங்கிவிட்டோம். இனி என்ன செய்வது? - நல்லூர் வாசகர்

பதில்: முதலில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி108 என்பது வெறும் சுவிட்ச். பார்வைக்கு அதைப்போலவே இருக்கும் டிஎல்-எஸ்ஜி108ஈ என்பதற்குத்தான் வீலான் தெரியும். கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். எந்தக் கம்பனியின் சுவிட்சானாலும் பெட்டியில் 802.1கியூ (வீலானுக்கான பொதுத் தரம்) என்று எழுதியிருக்கவேண்டும். இல்லையென்றால் உறையைப் பிரிக்காமல் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரவுட்டர். பலர் இடறுவது இங்கேதான். சுவிட்ச் வேலி அடைக்கும், அவ்வளவுதான். ஒரு வளவை மூன்றாக அடைத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒழுங்கைக்கு வர ஒரு படலை வேண்டும். அந்தப் படலை ரவுட்டரில் இருக்கிறது. யார் எந்தப் பக்கம் போகலாம் என்று தீர்மானிப்பதும் அதுதான். இணைய இணைப்போடு வந்த பைபர் ரவுட்டருக்கோ 4ஜி ரவுட்டருக்கோ லான் (உள் வலையமைப்பு) பக்கத்து வீலான் பெரும்பாலும் புரியாது. ஆகவே அதற்குப் பின்னால், வீலான் தெரிந்த சிறிய ரவுட்டர் ஒன்று வேண்டும். மைக்ரோடிக் ஹெக்ஸ் போன்ற ஐந்து போர்ட் பெட்டி உங்கள் விடுதிக்குத் தாராளம்.

சுவிட்சைத் தொடுவதற்கு முன் ஒரு தாள் எடுத்து இரண்டு விடயம் எழுதுங்கள். ஒன்று, இலக்கங்கள்: அலுவலகம் 10, விருந்தினர் 20, கமரா 30. முகவரிகளும் அதே எண்ணில்: 192.168.10.0/24, 192.168.20.0/24, 192.168.30.0/24. ஆறு மாதம் கழித்து ஒரு முகவரியைப் பார்த்தாலே அது எந்த வீலான் என்று தெரியும். 1 தொடக்கம் 4094 வரை எந்த இலக்கமும் வைக்கலாம். 1ஐ மட்டும் விட்டுவிடுங்கள். புதுச் சுவிட்சில் எல்லாப் போர்ட்டும் கிடப்பது அந்த 1இல்தான்.

இரண்டாவது, போர்ட் அட்டவணை (டேக்ட், அன்டேக்ட் என்றால் என்ன என்று கீழே சொல்கிறோம்; பிவிஐடி என்பது டேக் இல்லாமல் உள்ளே வருவதை எந்த வீலானில் போடுவது என்ற இலக்கம்):

போர்ட் 1, ரவுட்டர்: 10, 20, 30 மூன்றும் டேக்ட், பிவிஐடி 1
போர்ட் 2, வைஃபை ஆக்சஸ் பாயிண்ட்: 10 அன்டேக்ட், 20 டேக்ட், பிவிஐடி 10
போர்ட் 3, 4, அலுவலகக் கணினிகள்: 10 அன்டேக்ட், பிவிஐடி 10
போர்ட் 5, 6, என்விஆரும் கமராக்களின் பிஓஇ (வயரிலேயே மின்சாரமும் கொடுக்கும்) சுவிட்சும்: 30 அன்டேக்ட், பிவிஐடி 30
போர்ட் 7, விருந்தினர் கூடத்துத் தொலைக்காட்சி: 20 அன்டேக்ட், பிவிஐடி 20
போர்ட் 8: 1 அன்டேக்ட், பிவிஐடி 1. இதில் எதையும் நிரந்தரமாகச் செருகவேண்டாம். சுவிட்சைத் திருத்த உள்ளே போகும் வழி இது.

டேக் என்பது ஈதர்நெட் பொட்டலத்தின் தலைப்பில் செருகப்படும் 4 பைட் சீட்டு. அதில் 12 பிட் வீலான் இலக்கத்துக்கு. கணினிக்கும் என்விஆருக்கும் தொலைக்காட்சிக்கும் இந்தச் சீட்டு தேவையில்லை; அவற்றின் போர்ட்டில் சுவிட்ச் அதைக் கிழித்துவிட்டுக் கொடுக்கவேண்டும். அதுதான் அன்டேக்ட். ரவுட்டருக்கும் ஆக்சஸ் பாயிண்டுக்கும் ஒரே வயரில் பல வீலான் போவதால் எது எதனுடையது என்று தெரியவேண்டும். அங்கே சீட்டோடு போகும். அது டேக்ட்.

இனிச் சுவிட்ச். மற்ற எல்லா வயரையும் கழற்றிவிட்டு மடிக்கணினியைப் போர்ட் 8இல் செருகுங்கள். மடிக்கணினியின் வைஃபையை நிறுத்துங்கள். அதற்கு 192.168.0.10, மாஸ்க் 255.255.255.0 என்று கையால் முகவரி கொடுத்து, பிரவுசரில் 192.168.0.1 திறவுங்கள். டிபி-லிங்க் சிறிய சுவிட்சுகளின் தொடக்க முகவரி இது. நெட்கியர் ஜிஎஸ்308ஈ என்றால் 192.168.0.239. வயர்களைக் கழற்றச் சொன்னதற்குக் காரணம் உண்டு: உங்கள் இணைய ரவுட்டரும் 192.168.0.1இல் இருந்தால், நீங்கள் திறப்பது எதன் பக்கம் என்றே தெரியாமல் போகும். உள்ளே போனதும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். விலை குறைந்த சில சுவிட்சுகளின் நிர்வாகப் பக்கத்தை எந்த வீலானில் இருந்தும் திறக்கலாம். அங்கே கடவுச்சொல் ஒன்றுதான் பூட்டு.

வீலான் மெனுவில் எம்டியு வீலான், போர்ட் பேஸ்ட் வீலான், 802.1கியூ வீலான் என்று மூன்று இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும், உங்களுக்கு மூன்றாவது. அதை இயக்கி 10, 20, 30ஐ உருவாக்கி, தாளில் உள்ளபடி போர்ட்டுகளைச் சேருங்கள். பிறகு பிவிஐடி பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு போர்ட்டுக்கும் இலக்கத்தை மாற்றுங்கள். கடைசியாகத்தான் வீலான் 1இலிருந்து 2 தொடக்கம் 7 வரையான போர்ட்டுகளை நீக்கவேண்டும். இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்தால் பல சுவிட்சுகள் மறுக்கும்: பிவிஐடி 1 ஆக இருக்கும்வரை ஒரு போர்ட்டை வீலான் 1இலிருந்து எடுக்க விடாது.

முடிந்ததும் 'சேவ் கொன்பிக்' அழுத்துங்கள். பல சிறிய சுவிட்சுகளில் 'அப்ளை' அழுத்தினால் அமைப்பு நினைவில் மட்டும்தான் நிற்கும். மின்சாரம் ஒருதரம் நின்று வந்தால் எல்லாம் பழையபடி வீலான் 1க்குப் போய்விடும். நம் ஊர் மின்சாரத்தை நம்பி அதை விட்டுவைக்கவேண்டாம். இப்போதே பிளக்கைக் கழற்றிச் செருகி, அமைப்பு நிற்கிறதா என்று பாருங்கள்.

ரவுட்டரில், மைக்ரோடிக் என்றால், ஈதர் 1ஐ இணைய ரவுட்டருக்குக் கொடுங்கள். மடிக்கணினியை ஈதர் 5இல் வைத்து வின்பாக்ஸில் (மைக்ரோடிக்கை அமைக்கும் மென்பொருள்) 'சேஃப் மோட்' அழுத்திவிட்டுத் தொடங்குங்கள். தொடர்பு அறுந்தால் செய்த மாற்றங்கள் தானாகத் திரும்பிவிடும். சுவிட்சின் போர்ட் 1க்குப் போகும் ஈதர் 2ஐ பிரிட்ஜிலிருந்து (போர்ட்டுகளை ஒன்றாகச் சேர்த்திருக்கும் குழு) நீக்கி, அதன்மேல் 10, 20, 30 என மூன்று வீலான் இன்டர்பேஸ் உருவாக்குங்கள். அவற்றுக்கு 192.168.10.1/24, 192.168.20.1/24, 192.168.30.1/24 என முகவரி; ஒவ்வொன்றுக்கும் தானாக முகவரி வழங்க ஒரு டிஎச்சிபி சேவர். இணையத்துக்கான நாட் விதி (எல்லோரையும் ஒரே முகவரியில் வெளியே அனுப்புவது) பெட்டியிலேயே இருக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ஆட்கள் மாறி மாறி வருவார்கள். விருந்தினர் பக்கத்தில் டிஎச்சிபி லீஸை (ஒரு முகவரியைக் கொடுத்துவைக்கும் காலம்) 1 மணித்தியாலமாக வையுங்கள். ஒரு நாள் என்று வைத்தால் போனவர்களின் போன்கள் முகவரிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பிழை வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். போனுக்கு 192.168.20.x முகவரி கிடைக்கும், 8.8.8.8க்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும். ஆனால் ஒரு தளமும் திறக்காது. மைக்ரோடிக்கின் தொடக்க பயர்வோல், 'லான்' பட்டியலில் இல்லாத இன்டர்பேஸிலிருந்து ரவுட்டரை நோக்கி வருவதை எல்லாம் தடுக்கும். டிஎன்எஸ் கேள்வியும் (தளத்தின் பெயரைச் சொல்லி அதன் முகவரியைக் கேட்பது) அதில் அகப்படும். வீலான் 10ஐ மட்டும் 'லான்' பட்டியலில் சேருங்கள். 20ஐச் சேர்த்தால் விருந்தினருக்கு ரவுட்டரின் லொகின் பக்கமும் திறந்துவிடும். அதற்குப் பதில் 20இலிருந்து போர்ட் 53, யுடிபியும் டிசிபியும், வர விடும் விதி ஒன்றைத் தடை விதிக்கு மேலே போடுங்கள். விதிகள் மேலிருந்து கீழாகத்தான் படிக்கப்படும். கீழே போட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

அடுத்து, ரவுட்டர் ஊடாகக் கடப்பவை. ஏற்கெனவே தொடங்கிய தொடர்புகளுக்கான 'எஸ்டாப்ளிஷ்ட், ரிலேட்டட்' அனுமதி விதி மேலே இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே 20இலிருந்து 10க்கும் 30க்கும் தடை, 30இலிருந்து 10க்கும் 20க்கும் தடை. 10இலிருந்து 30க்குத் தடை வேண்டாம்; அலுவலகத்தில் இருந்து கமரா பார்க்கவேண்டுமே. கமராக்களுக்கு இணையத்தையும் நிறுத்துவதென்றால் நேரத்தைக் கவனியுங்கள்: மணிக்கூடு பிந்தினால் பதிவிலுள்ள நேரம் பிழையாகும், பிறகு தேவைக்கு உதவாது. ரவுட்டரையே நேர சேவராக்கிக் கொடுக்கலாம்.

சோதிக்கும்போது பிங்கை மட்டும் நம்பவேண்டாம். விண்டோஸ் கணினி பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பது அதன் சொந்தக் குணமாகவும் இருக்கலாம். விருந்தினர் வைஃபையில் இருந்து என்விஆரின் பக்கத்தைப் பிரவுசரில் திறக்க முயலுங்கள், திறக்கக்கூடாது. பிறகு 192.168.10.1ஐயும் முயலுங்கள். இதைப் பலர் மறப்பார்கள். அது அலுவலகப் பக்கத்து முகவரியானாலும் ரவுட்டருக்கே சொந்தமானது. கடப்பதற்குப் போட்ட தடை அதைக் காக்காது.

வீலான் செய்யாத ஒன்றும் உண்டு. வீலான் 20க்குள் இருக்கும் விருந்தினர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அதைத் தடுக்க ஆக்சஸ் பாயிண்டில் 'கிளையண்ட் ஐசொலேஷன்' போடவேண்டும்.

கேள்வி: எங்கள் கல்வி நிலையத்தில் மாணவர் கணினிகளை வீலான் 20இல் போட்டோம். இரண்டு கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறது. ஒன்று நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அலுவலக முகவரி எடுத்திருக்கிறது. சுவிட்ச் பழுதா? - கோண்டாவில் வாசகர்

பதில்: சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றும் ஒரே பிழை: பிவிஐடி மாற்றப்படவில்லை.

வீலான் அங்கத்துவம் சுவிட்சிலிருந்து வெளியே போகும் பொட்டலங்களுக்கு. பிவிஐடி, டேக் இல்லாமல் உள்ளே வருபவற்றை எந்த வீலானில் போடுவது என்பதற்கு. விலை குறைந்த சுவிட்சுகளில் இவை இரண்டும் வெவ்வேறு பக்கத்தில் இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது.

உங்கள் முதல் இரண்டு போர்ட்டும் 20இல் அன்டேக்ட், வீலான் 1இலிருந்து நீக்கியாகிவிட்டது, பிவிஐடி மட்டும் 1. கணினி 'எனக்கு முகவரி வேண்டும்' என்று கேட்பது வீலான் 1க்குள் போகிறது. அங்கிருந்து யார் பதில் சொன்னாலும் அது இந்தப் போர்ட்டால் வெளியே வராது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு விண்டோஸ் தானே 169.254 ஒன்றை எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது போர்ட்டை வீலான் 1இலிருந்து நீக்க மறந்திருக்கிறீர்கள். கேள்வியும் 1இல், பதிலும் 1இல்; அதனால் வேலை செய்கிறது. உண்மையில் ஆபத்தானது இந்த மூன்றாவதுதான். வேலை செய்யாத கணினிக்கு ஆள் வந்து முறையிடுவார். பிரிக்கப்படாமலே வேலை செய்யும் கணினிக்கு ஒருவரும் வரமாட்டார்.

கணினி, அச்சியந்திரம் போன்ற சாதாரண போர்ட் ஒவ்வொன்றிலும் அன்டேக்ட் ஒரே ஒரு வீலான், பிவிஐடி அதே இலக்கம். இந்த இரண்டும் பொருந்துகிறதா என்று அட்டவணையோடு ஒருதரம் பாருங்கள்.

கேள்வி: கடைக்கு வேறு ரவுட்டர் வாங்க இப்போது வசதியில்லை. இணையக் கம்பனி தந்த ரவுட்டரும் 802.1கியூ சுவிட்சும் மட்டும் வைத்து பில் போடும் கணினியையும் கமராவையும் பிரிக்க முடியுமா? - சுன்னாகம் வாசகர்

பதில்: முடியும், குறைகளைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ரவுட்டர் போர்ட் 1இல் என்று வைப்போம். வீலான் 1இல் எல்லாப் போர்ட்டும் அன்டேக்ட் ஆக அப்படியே இருக்கட்டும். வீலான் 20இல் போர்ட் 1, 2, 3, 4. வீலான் 30இல் போர்ட் 1, 5, 6, 7, 8. எல்லாம் அன்டேக்ட். பிவிஐடி: போர்ட் 1க்கு 1, 2-4க்கு 20, 5-8க்கு 30. பில் கணினி அனுப்புவது 20க்குள் போய் ரவுட்டரை மட்டும் அடையும். ரவுட்டர் அனுப்புவது வீலான் 1 வழியாக எல்லோருக்கும் போகும். இரண்டு குழுவுக்கும் இணையம் கிடைக்கும், ஒன்றுக்கொன்று பேச முடியாது. ஒரு போர்ட்டைப் பல வீலானில் அன்டேக்ட் ஆக வைக்க எல்லாச் சுவிட்சும் விடாது. டிபி-லிங்கின் 'ஈசி ஸ்மார்ட்' வகை விடும்.

குறைகள்: ரவுட்டரின் சொந்த வைஃபையில் இருப்பவர் ரவுட்டர் பக்கத்தில்தான் நிற்கிறார், அவர் அனுப்புவது வீலான் 1 வழியாகப் பில் கணினியையும் கமராவையும் அடையும். ஆகவே அந்தக் கடவுச்சொல்லை வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் நீங்கள் அடைத்த வேலிக்கு அர்த்தமில்லை. இரண்டாவது, பல சுவிட்சுகள் எந்த மக் முகவரி (ஒவ்வொரு கருவியோடும் வரும் வன்பொருள் முகவரி) எந்தப் போர்ட்டில் என்பதை வீலானுக்கு வேறுவேறாக நினைவில் வைக்கும். பில் கணினியை 20இல்தான் கண்டிருக்கும். ரவுட்டரின் பதில் 1இல் வரும்போது 'இவரை அறியேன்' என்று எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பிவிடும். ஒருவர் பெரிய கோப்பு ஒன்றை இறக்கினால் அது கமராப் போர்ட்டுகளிலும் கொட்டும். 100 மெகாபிட் கமரா அதில் திணறலாம்.

கேள்வி: வீலான் போட்டால் இணைய வேகம் கூடுமா? - மானிப்பாய் வாசகர்

பதில்: கூடாது. ஒருவர் வீடியோ இறக்கி மற்றவர்களை நெரிக்கிறார் என்றால் ரவுட்டரில் வேக எல்லை வையுங்கள். வீலான் இருந்தால் 20க்கு மட்டும் என்று அந்த எல்லையை வைப்பது சுலபம், அவ்வளவே.

கேள்வி: வளவுக்குப் பின்னால் உள்ள கட்டடத்துக்கும் அலுவலகம், விருந்தினர் இரண்டும் போகவேண்டும். இரண்டு வயர் இழுக்கவேண்டுமா? இடையில் சாதாரண சுவிட்ச் ஒன்று கிடக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா? - சாவகச்சேரி வாசகர்

பதில்: ஒரு வயர் போதும், இரண்டு முனையிலும் 802.1கியூ சுவிட்ச் வைத்து இரண்டு வீலானையும் டேக்ட் ஆக அனுப்புங்கள். சாதாரண சுவிட்சை நடுவில் வைக்கவேண்டாம். டேக் போட்டால் பொட்டலம் 1518இலிருந்து 1522 பைட்டாக நீளும். சில பழைய சுவிட்சுகள் நீண்டதை எறிந்துவிடும், சின்னப் பிங் போகும், தளம் பாதியில் நிற்கும். அந்தச் சாதாரண சுவிட்சைக் கடைசியில் வையுங்கள்: ஒரு வீலானின் அன்டேக்ட் போர்ட்டில் செருகினால் அதில் உள்ள எல்லாம் அந்த வீலானைச் சேரும். வெவ்வேறு வீலான் போர்ட் இரண்டிலிருந்து அந்த ஒரே சுவிட்சுக்கு வயர் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு வீலானும் அங்கே கலந்துவிடும்.

வயர் என்ன வயர் என்பதுதான் எங்களுக்கு அதிக யோசனை. செப்பு வயருக்கு எல்லை 100 மீற்றர். தூரம் அதற்குள் இருந்தாலும் இரண்டு கட்டடத்துக்கு இடையே வெளியால் போகும் செப்பு, ஐப்பசி கார்த்திகை இடிமின்னலில் இரண்டு பக்கச் சுவிட்சையும் சேர்த்து எரிக்கும். மின்னல் நேரே விழவேண்டியதில்லை, கிட்ட விழுந்தாலே போதும். பைபர் இழுத்து இரண்டு முனையிலும் மீடியா கொன்வேட்டர் (பைபரைச் செப்பு வயரோடு இணைக்கும் பெட்டி) வையுங்கள். ஒற்றை இழை என்றால் ஒரு முனைக்கு 'ஏ' வகைக் கொன்வேட்டர், மறு முனைக்கு 'பி' வகை. ஒரே எழுத்து இரண்டு வாங்கினால் இணைப்பு விளக்கு எரியாது. வெளியில் தொங்கவிடும் பைபரின் ஓரத்தில் தாங்கும் உருக்குக் கம்பி இருக்கும். அதைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்துங்கள், உள்ளே கொண்டுபோகவேண்டாம்.

கேள்வி: பிரித்த பிறகு போனிலிருந்து அச்சியந்திரம் தெரியவில்லை. முகவரியை அடித்தால் அதன் பக்கம் திறக்கிறது. - கொக்குவில் வாசகர்

பதில்: போன் அச்சியந்திரத்தைத் தேடுவது 224.0.0.251 என்ற முகவரிக்குப் போர்ட் 5353இல் கூப்பிட்டு. அந்தக் கூப்பாடு ஒரு வீலானைத் தாண்டாது. கணினியில் என்றால் முகவரியைக் கையால் கொடுத்துச் சேருங்கள், அச்சியந்திரத்துக்கு மாறாத முகவரி ஒதுக்குங்கள். போன்களுக்குத் தேவையென்றால் ரவுட்டரில் எம்டிஎன்எஸ் (இந்தக் கூப்பாட்டின் பெயர்) கடத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அச்சடிக்கப்போவது அலுவலகத்தார் மட்டும் என்றால் அச்சியந்திரத்தை அவர்கள் வீலானிலேயே வைத்துவிடுவதுதான் நல்லது.

கேள்வி: பிவிஐடி மாற்றியவுடன் சுவிட்சின் பக்கம் திறக்கவில்லை. ரீசெற் செய்யவா? - பருத்தித்துறை வாசகர்

பதில்: பொறுங்கள். நீங்கள் செருகியிருந்த போர்ட்டையே மாற்றியிருப்பீர்கள். மடிக்கணினி இப்போது டிஎச்சிபியில் 192.168.10.x எடுத்திருந்தால் 192.168.0.1ஐத் தேடி ரவுட்டருக்குத்தான் போகும். கையால் 192.168.0.10 கொடுத்து, வீலான் 1இல் எஞ்சியுள்ள போர்ட் ஒவ்வொன்றிலும் முயலுங்கள். சுவிட்சே டிஎச்சிபியில் வேறு முகவரி எடுத்திருக்கவும் கூடும். ரவுட்டரின் லீஸ் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'சேவ் கொன்பிக்' இன்னும் அழுத்தவில்லையென்றால் இன்னும் சுலபம்: பிளக்கைக் கழற்றிச் செருகுங்கள், பல சுவிட்சுகள் பழைய அமைப்புக்கே திரும்பும்.

இதெல்லாம் சரிவராவிட்டால் மட்டும் ரீசெற். மின்சாரம் இருக்கும்போதே ஊசியால் துளைக்குள் உள்ள பொத்தானை, விளக்குகள் எல்லாம் ஒன்றாக மின்னும்வரை அழுத்திப் பிடியுங்கள். வீலான்கள் அழிந்து கடவுச்சொல்லும் தொடக்க நிலைக்குப் போகும். மறுபடி அமைத்து முடிந்ததும் சுவிட்சின் மெனுவில் 'பேக்கப்' எடுத்து, கோப்பின் பெயரில் திகதியைப் போட்டு வையுங்கள். போர்ட் அட்டவணைத் தாளைச் சுவிட்சின் அடியில் ஒட்டிவிடுங்கள்.